ஆர் லியோனிஸ்: வரைபடமும் ஐபீஸும் ஒத்துப்போகவில்லை

புதுநோக்கர்:
சிம்ம ராசியில் உள்ள, பொலிவு மாறும் விண்மீனான ஆர் லியோனிஸைத் தேடுகிறேன். 80 மி.மீ. ஒளிவிலகல் தொலைநோக்கி, டயகனல் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் கண்ணாடி), 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை). மகத்திலிருந்து மேற்கே 5 பாகை நகர்ந்து 18, 19 லியோனிஸ் என்ற விண்மீன்கள் இரண்டையும் பிடித்துவிடுகிறேன். ஏஏவிஎஸ்ஓ (பொலிவு மாறும் விண்மீன்களை நோக்குவோரின் அமெரிக்கச் சங்கம்) வரைபடத்தில் 18 லியோனிஸ், ஆர் விண்மீனுக்கு வலப்பக்கம் மேலே நிற்கிறது. எனக்கோ இடப்பக்கம் மேலே. தாளை எப்படித் திருப்பினாலும் சரிவரவில்லை. அருகே மூன்று மங்கலான புள்ளிகள் முக்கோணமாக நிற்கின்றன. எது ஆர்?

மொட்டைமாடி:
கைபேசிச் செயலியில் பாருங்கள், பெயர் போட்டே காட்டும்.

கிழக்குவாசல்:
இடத்தைக் காட்டும், பொலிவைக் காட்டாது. சுமார் 310 நாளுக்கு ஒருமுறை பொலிவெண் 4.4க்கும் 11.3க்கும் இடையே ஏறி இறங்கும் விண்மீன் இது (எண் கூடினால் மங்கல்). செயலி வரையும் புள்ளியின் பருமனை நம்பினால் பக்கத்து விண்மீனைத்தான் பிடிப்பீர்கள்.

புதுநோக்கரே, டயகனலில் கண்ணாடி ஒன்றுதான். அதனால் பிம்பம் இடவலம் மாறிவிடும். தாளைச் சுற்றுவதால் அது தீராது. இன்றிரவே வேண்டுமென்றால் தாளைக் கவிழ்த்து, அடியிலிருந்து சிவப்பு டார்ச் அடித்துப் பின்பக்கமாகப் பாருங்கள். அடுத்த முறை அச்சிடும்போது ‘ரிவர்ஸ்டு’ அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ‘விஷுவல்’ என்பது நியூட்டோனியன் (இரு கண்ணாடித் தொலைநோக்கி) வைத்திருப்பவர்களுக்கு. இந்தப் பெயரால் குழம்பாதவர் யார்!

திசையிலும் சந்தேகமென்றால் தொலைநோக்கியை வானத்தோடு நகர்த்தும் மோட்டாரை நிறுத்துங்கள். விண்மீன்கள் நழுவி வெளியேறும் பக்கம் மேற்கு. குழாயைத் துருவ விண்மீன் பக்கம் லேசாகத் தள்ளுங்கள். புதியவை நுழையும் பக்கம் வடக்கு.

19 லியோனிஸிலிருந்து தெற்கே, நிலவின் அகலத்தில் கால்பங்கு தூரத்தில் ஆர். முக்கோணத்தின் மற்ற இரண்டும் பொலிவை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் ஒப்பீட்டு விண்மீன்கள்: வரைபடத்தில் 90, 96. அதாவது பொலிவெண் 9.0, 9.6. புள்ளி வைத்தால் அதையும் விண்மீன் என்று எண்ணிவிடுவோம் என்பதால்தான் தசமப்புள்ளி போடுவதில்லை.

புதுநோக்கர்:
தாளைக் கவிழ்த்ததும் பொருந்திவிட்டது, நன்றி ஐயா. ஆரின் பொலிவு அந்த இரண்டுக்கும் நடுவில் தெரிகிறது. ஆனால் உற்றுப் பார்க்கப் பார்க்கப் பிரகாசமாகிக்கொண்டே போகிறது!

கிழக்குவாசல்:
சிவந்த விண்மீன்களிடம் அந்தக் குணம் உண்டு. உற்றுப் பார்க்காதீர்கள். குவியத்தைச் சற்றுக் கலைத்து, மூன்றையும் மாறி மாறி ஒரு நொடி பார்த்து மதிப்பிடுங்கள். அறிக்கையில் நேரம், 90, 96 என்ற ஒப்பீட்டு எண்கள், வரைபடத்தில் அச்சாகியிருக்கும் அடையாள எண் மூன்றும் இருக்கட்டும்.