ஃபால்ட்டுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

குன்னூர், புவியியல் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு மோயாற்றுப் பள்ளத்தாக்கைக் காட்டப் போகிறோம். கையேட்டில் ஒரு சொல் மட்டும் இழுக்கிறது. பாறையில் வரும் ஃபால்ட்டைப் (fault) 'பிளவு' என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவன் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாறை விரிசலைக் காட்டி "இதுவா டீச்சர்?" என்று கேட்டுவிட்டான். அது வெறும் விரிசல். இரு பக்கப் பாறையும் ஒன்றையொன்று உரசி இடம் மாறியிருந்தால்தான் ஃபால்ட். அந்த இடமாற்றம் சொல்லில் தெரிய வேண்டும்.

கோவை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, குறிஞ்சிப் பாட்டுகளில் 'விடர்', 'விடரகம்' கொட்டிக் கிடக்கையில் வேறெங்கும் அலைவானேன்? விள், விடு, வெடி, பிள் எல்லாம் ஒரே குடும்பம் என்பேன். 'விடர்ப்பெயர்வு' என்று எழுதுங்கள். இன்னொன்று: மோயாறு என்பது மாயாறேதான் என்பார்கள். பள்ளத்தில் இறங்கிக் கண்ணுக்கு மாயமாகிவிடுகிறதே! பவானியும் பதிற்றுப்பத்தில் வரும் 'வானி'. முன்னால் 'ப' எப்படி ஒட்டியது என்பதை விரிவாக எழுதுகிறேன்.

ஈரோடு, நிலவியலாளர்:
ஐயா, அந்த விரிவு தனி மடலாகவே இருக்கட்டும். விடர் என்றால் குகையும்தான். பிள்ளைகள் உள்ளே புலியைத் தேடுவார்கள்.

டீச்சர், சிக்கல் சொல்லுக்கும் முன்னாலேயே இருக்கிறது. மோயாறு ஓடும் கோட்டைப் பிளவு என்று சொல்லி முடித்துவிட முடியாது. நீலகிரியின் சார்னோக்கைட் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழையவை. மலையின் வடக்கு விளிம்பில் அவை ஆழத்தில், கடும் சூட்டில், உடையாமலே இழுபட்டிருக்கின்றன. பிசைந்த மாவை இரு கையாலும் எதிரெதிராக இழுத்த மாதிரி. ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள்: கனிமங்கள் மெல்லிய பட்டைகளாக நீண்டிருக்கும், நடுவே ஒன்றிரண்டு மணிகள் கண் போல உருண்டு தப்பியிருக்கும். ஷியர் ஸோன் என்பது இதுதான். பிற்பாடு பாறை மேலே வந்து குளிர்ந்தபோது, நலிந்துபோன அதே தடத்தில் உடைந்து நகரவும் செய்தது.

ஆறு வந்தது அதற்கெல்லாம் பிறகு. பைக்காராவாக வடக்கே இறங்கும் நீர் தெப்பக்காட்டுப் பக்கம் கிழக்கே திரும்பி, கோடு கிழித்தாற்போல் பவானிசாகரை நோக்கிப் போகிறது. தெற்கே பவானியும் அட்டப்பாடியில் முக்காலிக்கு அருகே வடகிழக்காக முறித்துக்கொண்டு மலையடிவாரத்தோடு வருகிறது. நடுவில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். பள்ளத்தை ஆறு வெட்டியது என்று எழுதுங்கள், தவறில்லை. வழியைப் பாறை போட்டுக்கொடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் ஃபால்ட்டுக்கு 'நழுவல்', ஷியர் ஸோனுக்கு 'நழுவு மண்டலம்'?

குன்னூர்:
2009 நவம்பரைப் பார்த்த மலை இது. நழுவல், சரிவு என்று எதைச் சொன்னாலும் இங்கே மண்சரிவுதான் நினைவுக்கு வரும். வேண்டவே வேண்டாம்.

ஈரோடு:
'பிளவுப் பெயர்ச்சி' போதும். அழகில்லைதான், ஆனால் இரண்டு செய்தியும் இருக்கிறது. ஷியருக்கு இயற்பியல் பாடநூலில் 'சறுக்குப் பெயர்ச்சி' என்று படித்தோம். 'சறுக்குப் பெயர்ச்சி மண்டலம்' வரைபடத்தில் அடங்காது என்பது வேறு கதை.

கோவை:
பெயர்ச்சி என்றால் ஊருக்குச் சனிப்பெயர்ச்சிதான். போகட்டும். நடுவே 'ப்' என்ற ஒற்று எதற்கு? பிளவும் பெயர்ச்சியும் சேர்ந்தது என்றால் உம்மைத்தொகை. வல்லினம் மிகாது.

கோத்தகிரி:
பிளவின்கண் நேரும் பெயர்ச்சி, ஐயா. ஏழாம் வேற்றுமைத் தொகை. மிகும்.

கோவை:
நிலவியலாளர் "இரண்டு செய்தி" என்றாரே, அது உம்மை இல்லாமல் வேறென்ன?

ஈரோடு:
என்னை விட்டுவிடுங்கள்.

குன்னூர்:
'பிளவுப் பெயர்ச்சி' என்று ஒற்றோடு போடுகிறேன், மூவர் ஒப்பியிருக்கிறோம். மற்றது இந்தப் பதிப்புக்கு 'ஷியர் மண்டலம்'. அடுத்த பதிப்புக்குள் நல்ல சொல் கிடைத்தால் மாற்றலாம்.

கோவை:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன், 'ஷ'வுக்கும் சேர்த்து. சார்னோக்கைட்டும் கல்கத்தாவில் அடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து 1893-இல் இட்ட பெயர். அந்தக் கல் போனதோ நம் பல்லாவரத்திலிருந்து என்கிறார்கள். 'பல்லாவரக்கல்' என்ற தலைப்பில் இன்றிரவே புது இழை தொடங்குகிறேன்.