பளிச் வெள்ளை ஜவ்வரிசி: குத்தம் விக்கறவர் மேலயா, கேக்கறவர் மேலயா?

ஆத்தூர் வெள்ளாமை:
சேகோ மில்லுல, அதான் ஜவ்வரிசி ஆலையில சோதனை, மருந்து போட்ட ஈர மாவு பறிமுதல்னு செய்தி வர்றப்பல்லாம் மில்காரங்க சொல்ற பதில் ஒண்ணுதான்: "வடக்க வெள்ளையாத்தான் கேக்கறாங்க, நாங்க என்ன பண்ண?" நான் ஜவ்வரிசிக்கு மரவள்ளிக் கிழங்கு போடறவன். பத்து மாசம் காட்டுல வெளைஞ்ச கிழங்கை மில்லுக்குள்ள கொண்டுபோய் பிளீச்சிங் தண்ணியும் ஆசிட்டும் ஊத்தி வெளுக்கறாங்க. அதைத் திங்கப்போறவங்க மகாராஷ்டிராவுலயும் குஜராத்துலயும் விரதம் இருக்கறவங்க. யாரும் இங்க வந்து சட்டையைப் பிடிக்கப்போறதில்லங்கற தைரியம்தானே? அந்த மூட்டையைப் பிரிச்சு உங்க வீட்டுக் கொழந்தைக்குப் பாயசம் வைப்பீங்களா?

தலைவாசல் மில்:
வைப்பேன் அண்ணா. நான் மருந்து போடறதில்ல. ஆனா போடறவங்க எல்லாரையும் திருடன்னு சொல்றதுக்கு முன்னாடி வேலையைக் கொஞ்சம் பாருங்க. கிழங்கு வந்த அன்னிக்கே தோலை முழுசா உரிச்சு, நல்ல தண்ணியில கழுவி, அரைச்சு, பாலை வடிகட்டித் தொட்டியில தெளியவிட்டா மாவு தானா வெள்ளையாத்தான் நிக்கும். ரெண்டு மூணு நாள் குவியல்ல கிடந்தா கிழங்குக்குள்ள கருப்பு ஓடிரும். தோலோட அரைச்சாலும் மாவு பழுப்பாயிரும். தோல் உரிக்க ஆள் கூலி வேணும், தண்ணி வேணும். அதை மிச்சம் பிடிக்கறவர் பழுப்பு மாவை மருந்துல வெளுத்து, என்னைவிடக் கம்மி விலைக்கு மூட்டையைத் தள்ளறார். என் சரக்கு பால் வெள்ளை, அவர் சரக்கு நீலம் பாய்ஞ்ச வெள்ளை. வாங்க வர்றவர் ரெண்டையும் ரெண்டு உள்ளங்கையில கொட்டி வெயில்ல பிடிச்சுப் பார்த்துட்டு என்னுதைத் தள்ளி வைக்கறார். இப்ப சொல்லுங்க, இந்த மருந்துக்குக் காசு குடுத்தது யாரு?

செவ்வாப்பேட்டை மண்டி:
தம்பி, வாங்கறவர் கையில லேப் இல்ல, கண்ணுதான் இருக்கு. லேப் வேணும்னா சேகோசர்வ் இருக்குது. சேகோ மில்காரங்களுக்குன்னு 1981ல கூட்டுறவா ஆரம்பிச்சாங்க. கிட்டங்கி, பரிசோதனை, ரகசிய டெண்டர் எல்லாம் அங்கயே உண்டு. சரக்கை அங்க கொண்டுபோகாம வெளியில நேரா விக்கறது மில்காரங்கதானே? பரிசோதனைக்குப் பயந்து ஒதுங்கறவங்களுக்கு "சந்தை கேக்குது"ன்னு சொல்ல என்ன உரிமை இருக்கு?

தலைவாசல் மில்:
வெளியில போறவங்க எல்லாரும் பயந்து போறதில்லங்க. பணம் சீக்கிரம் கைக்கு வரணும்னு போறவங்கதான் பாதிப்பேர்.

புனே சேலத்துப்பொண்ணு:
நான் ஜங்ஷன் பக்கம் பொறந்து வளர்ந்தவ, வாக்கப்பட்டது மராட்டிக் குடும்பத்துல. நீங்க எல்லாரும் நிறத்தையே பேசறீங்க. மக்காச்சோள மாவு கலக்கறதைப் பத்தி ஏன் யாரும் வாய் திறக்கல? என் மாமியார் ஏகாதசிக்கு அரிசி, கோதுமை, சோளம் எதையும் தொடமாட்டாங்க. தானியம் இல்லங்கற ஒரே காரணத்துக்காகத்தான் சாபுதானா கிச்சடி, நம்ம ஜவ்வரிசிதான். அதுல மக்காச்சோளம் கலந்திருந்தா அவங்க விரதம் அவங்களுக்கே தெரியாம முறிஞ்சுபோச்சு. உடம்புக்குக் கெடுதலா இல்லையான்னு லேப் சொல்லிரும். இந்த நஷ்டத்தை எந்த லேப் அளக்கும்? இதைக் கலக்கச் சொல்லி வடக்க யாரும் கேக்கலையே!

தலைவாசல் மில்:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு சரி. அதுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஜவ்வரிசின்னு விக்கறதுல வேற மாவு இருக்கக்கூடாதுன்னு சட்டமும் இருக்கு. கலக்கறது திருட்டுதான்.

ஆத்தூர் வெள்ளாமை:
அந்தத் திருட்டுல எங்க வயித்துலயும் அடி விழுது. மக்காச்சோள மாவு உள்ள போற அளவுக்குக் கிழங்கு வேண்டாம்னு ஆகுது, விலை விழுது. அப்புறம் பாயிண்ட், அதான் கிழங்குல மாவுச்சத்து எவ்வளவுங்கற கணக்கு. அதை அளக்கறது மில்லுலயே, மில்காரர் மெஷின்லயே. ஒரு பாயிண்ட் குறைச்சுச் சொன்னா லோடுக்கே காசு போச்சு. லாரியைத் திருப்பி எங்க கொண்டுபோறது? நீங்களே சொன்னீங்க, ரெண்டு நாள்ல கருத்துரும்னு. வாங்கறவர் மங்கல்னு உங்க சரக்கைத் தள்ளறது அநியாயம்னா, இது என்ன?

தலைவாசல் மில்:
பாயிண்ட் விஷயத்துல உங்க கோவம் நியாயம். பொதுவா ஒரு இடத்துல அளக்கட்டும், நான் ஒத்துக்கறேன். ஆனா விலை ஏறுற நேரத்துல ஏழு மாசத்துக் கிழங்கைப் பிடுங்கிக் கொண்டுவந்து முழு விலை கேக்கறவங்களும் உங்க பக்கம் இருக்காங்க.

செவ்வாப்பேட்டை மண்டி:
ரெண்டு பேரும் மறந்துட்டது ஒண்ணு. யுத்தத்துல மலேயா, ஜாவா சரக்கு நின்னுபோனப்ப, 1943 வாக்குல, சேலத்துல இந்தத் தொழில் பொறந்தது. அடுத்தவன் சரக்கு வராததால நமக்குக் கிடைச்ச சந்தை, நம்ம மேல நம்பிக்கை போனா இன்னொருத்தன் கைக்குப் போகும். தாய்லாந்துலயும் வியட்நாம்லயும் மரவள்ளி மாவு மலையாக் கிடக்குது. 2023ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஒரு மில்லு பண்ற தப்பு இனி ஊர் பேர்லதான் விழும்.

புனே சேலத்துப்பொண்ணு:
ஊர் பேர் எங்கண்ணா இருக்கு? இங்க கடையில நான் வாங்கற பாக்கெட்டுல கட்டினவர் விலாசம் மட்டும்தான். சேலம்னு ஒரு எழுத்து இல்ல. மருந்து போடாத உங்க சரக்கைத் தேடி அதிகக் காசு குடுக்க நான் தயார். எந்தப் பேரைச் சொல்லிக் கேப்பேன்?

தலைவாசல் மில்:
மூட்டையில என் மில் பேர் இருக்கும் அக்கா. அங்க இறங்கினதும் நாலு மில்லு சரக்கை ஒண்ணாக் கொட்டிச் சின்னப் பாக்கெட்டா மாத்திக் கட்டறாங்க. அரைக் கிலோ, ஒரு கிலோன்னு இங்கயே கட்டி அனுப்பறேன்னு கேட்டுப் பார்த்தேன். "மூட்டையாக் குடுக்கறதா இருந்தா குடு"ன்னுட்டார் வாங்கறவர்.

ஆத்தூர் வெள்ளாமை:
அப்ப உங்களை மாதிரி பத்து மில்லு சேர்ந்து மூட்டையா விக்கமாட்டோம்னு நில்லுங்க, தம்பி. கிழங்கு நாங்க தர்றோம், பாயிண்ட் மட்டும் எங்க கண்ணு முன்னாடி அளங்க.