கலெக்டருக்கு மனுவில் எழுதிய பாவங்கள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

முன்னாள் சபைச் செயலர், மார்த்தாண்டம் பக்கம்

எங்கள் ஊர் கிறிஸ்தவ சபைக்குச் செயலராக இருந்த மூன்று வருடமும் மனு எழுதியே எனக்குக் கை தேய்ந்தது. கலெக்டருக்கு ஒன்று, தாசில்தாருக்கு ஒன்று, ஸ்டேஷனுக்கு ஒன்று. பெரும்பாலும் டாஸ்மாக் கடையைப் பற்றித்தான்.

எங்கள் ஊரில் கடை வந்தபோது ஐந்து பேர் டேப் எடுத்துக்கொண்டு அளக்கப் போனோம். 2003ஆம் வருட விதிப்படி மாநகராட்சி, நகராட்சி என்றால் பள்ளிக்கூடத்துக்கும் வழிபாட்டு இடத்துக்கும் 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். எங்களுடையது பேரூராட்சி, ஆகவே 100. சபை வாசலிலிருந்து ரோடு வழியாகப் பிடித்தால் 112 வந்தது. குறுக்கே தென்னைவிளை வழியாகப் பிடித்தால் 90க்குள் முடியும். எந்த வழியை எழுதுவது என்று அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் உபதேசியார், "நடக்கிற வழி எதுவோ அதை எழுதுங்க" என்று முடித்துவிட்டார். 112 என்றே எழுதினோம், மனு தள்ளுபடி. இன்றைக்கும் சிலர் அவரைத்தான் குறை சொல்கிறார்கள்.

அந்த மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர் தினமும் குடிக்கிறவர். "பக்கத்துல இருந்தா கால் தானா போகுது. தூரத்துல இருந்தா நடக்கச் சடவு வரும்ல்லா" என்று சொல்லிக்கொண்டே போட்டார். நாங்கள் எழுதிய நான்கு பக்கத்தில் இதைவிட நல்ல காரணம் ஒன்றும் இல்லை.

2015 ஜூலை 31ஆம் தேதி மார்த்தாண்டம் பக்கத்து உண்ணாமலைக்கடை ஊரில் ஒரு மதுக்கடையை மூடச் சொல்லி சசிபெருமாள் செல்போன் கோபுரத்தில் ஏறியதும், அந்தப் போராட்டத்திலேயே உயிர் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். சேலத்துக் காந்தியவாதி. அவருக்கும் எங்கள் சபைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அன்று ராத்திரி ஜெபக்கூட்டத்தில் யாருக்கும் பாட்டு எடுக்கத் தோன்றவில்லை.

சரி, இனி வருவது சொல்லக் கூசுகிற விஷயம். அடுத்த மனு எழுதும்போது கமிட்டியில் ஒருவர், "கையோட இதையும் சேர்த்திருங்க" என்றார். ஊரில் கல்யாணம் கட்டாமல் சேர்ந்திருந்த இரண்டு பேரைப் பற்றி. அந்தப் பெண் எங்கள் ஞாயிறு பள்ளியில் படித்தவள். கடை மனுவோடு சேர்க்க வேண்டாம் என்று தனியாக எழுதி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். ஏட்டு வாசித்துவிட்டு, "ரெண்டு பேரும் மேஜர்தானே? எந்த செக்‌ஷன் போடச் சொல்லுதீங்க?" என்றார். இப்படிச் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று நடிகை குஷ்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லிவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏட்டு அதோடு விடவில்லை.

"உங்க சபை ஐயர் போய்ப் பேசினாரா?"

"இல்ல."

"கமிட்டியில யாராவது?"

"இல்ல சார்."

"இங்க வர நாலு கிலோமீட்டர். அந்த வீட்டுக்கு எவ்வளவு?"

டேப் பிடித்து அளக்கிற ஆட்களுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து நான் மட்டும் போனேன். கட்டன்சாயா தந்தாள். விசாரணைக்குக் கூப்பிட்டு மனுவைக் காட்டியிருக்கிறார்கள் போல. "என் இனிஷியலைத் தப்பாப் போட்டிருக்கீங்க மாமா" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

தக்கலை வாசகி

உங்களுக்குச் சட்டம் போதவில்லை. எங்கள் வீட்டில் அது தேவைக்கு மேலேயே ஒழுக்கம் பார்த்தது. என் அக்காளை அவளுடைய மாப்பிள்ளை விட்டுவிட்டுப் போனது 1994இல். வடக்கே எங்கேயோ வேலை என்று போனவர், கடுதாசி கூட இல்லை. அப்போது கிறிஸ்தவர்களான நமக்கு 1869ஆம் வருட விவாகரத்துச் சட்டம் அப்படியே இருந்தது. ஆண் விவாகரத்துக் கேட்டால் மனைவியின் விபசாரத்தைக் காட்டினால் போதும். பெண் கேட்டால் விபசாரம் மட்டும் போதாது, அதோடு கொடுமையோ இரண்டு வருடம் கைவிட்டதோ சேர வேண்டும். வெறுமனே கைவிட்டுப் போனான் என்றால் வழக்கே நிற்காது. ஜெயித்தாலும் ஹைகோர்ட்டில் மூன்று நீதிபதிகள் உறுதி செய்ய வேண்டும்.

வக்கீல் நல்லவர்தான். "அவருக்கு அங்க ஒரு பொம்பளை இருக்கான்னு எழுதிருவோம், எல்லாரும் அப்படித்தான் எழுதுதாங்க" என்றார். அக்காள், "எனக்குத் தெரியாதே சார்" என்றாள். தெரியாமல் எப்படி சத்தியம் பண்ணுவது என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அம்மை வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். திருமணத்தின் பரிசுத்தத்தைக் காக்க வைத்த சட்டம், பொய்ச்சாட்சி சொன்னால்தான் கதவைத் திறக்கும்!

2001இல் திருத்தம் வந்து, கைவிடுதலும் கொடுமையும் தனித்தனிக் காரணமாயின. பரஸ்பர சம்மதமும் வந்தது. 2003இல் அக்காளுக்குத் தீர்ப்பு கிடைத்தது. அந்த ஒன்பது வருடமும் சபையின் பெண்கள் சங்கத்தார் அவளைப் பார்த்து முதலில் கேட்பது, "மாப்பிள்ளை வந்தாச்சா?"

மயிலாடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பிள்ளைகளின் உடுப்புக்கு அரசாங்கமே ஒரு கட்டுப்பாடு கொண்டுவர வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் எழும்பி 1829 என்று மட்டும் சொன்னேன். பாதிப் பேருக்குப் புரியவில்லை. நம் நாடார் பாட்டிமார் குப்பாயம் என்கிற சட்டை போடலாம், மேல்சாதிப் பெண்கள் போடுகிற மேல்சீலை (மார்பின் மேல் போடும் துணி) போடக்கூடாது என்று அப்போது நம் ஊரை ஆண்ட திருவிதாங்கூர் அரசு விளம்பரம் செய்த வருடம் அது. அதுவும் 'ஒழுங்கு' காக்கத்தான். 1859 ஜூலை 26இல் வந்த விளம்பரத்தில்கூட மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற வால் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐயர் கூட்டத்தை ஜெபத்தோடு முடித்துவிட்டார்.

அருமனை அக்கா

எல்லாம் வாசித்தேன். எனக்கு இவ்வளவு வரலாறு தெரியாது. எங்க வீட்டுக்காரர் ரப்பர் வெட்டுக்குப் போறவர். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று கோர்ட் சொல்லி 2017 ஏப்ரலில் ரோட்டோரக் கடைகளை மூடினார்களே, அப்போது எங்க பக்கத்துக் கடையும் போனது. மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் வெட்டுக்கூலி முழுசா என் கையில் வந்தது. மூத்தவளுக்கு ஸ்கூல் ஃபீஸ் பாக்கியில்லாமல் கட்டினது அந்த வருடம் மட்டும்தான். அவர் மனந்திரும்பவில்லை, சும்மா கடை தூரம் அவ்வளவுதான். அப்புறம் உள்ளே ஒரு விளைக்குள் கடையைத் திறந்தார்கள், பழையபடி ஆச்சு.

சட்டம் மனசை மாற்றாது என்று எங்க பாஸ்டர் பிரசங்கம் பண்ணுவார். எனக்கு மனசு மாறணும்னு இல்ல அய்யா, கூலி வீட்டுக்கு வந்தாப் போதும்னு சொன்னேன்.

முன்னாள் சபைச் செயலர், மார்த்தாண்டம் பக்கம்

தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: அந்த இரண்டு பேரும் இப்போது திருவனந்தபுரத்தில் இருக்கிறார்கள். கல்யாணம் ஆனதா என்று நான் கேட்கவில்லை.

அருமனை அக்கா, புதுக் கமிட்டி மறுபடியும் மனு போடுகிறது, என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தூரம் 112 என்றுதான் இருக்கும். அதற்குக் கீழே உங்கள் மூன்று மாதக் கூலிக் கணக்கையும், பெயர் போடாமல், எழுதிக்கொள்ளட்டுமா?