ஐஇஎல்டிஎஸ், டோஃபல், 12ஆம் வகுப்பு மார்க்: வெளிநாட்டுக் கல்லூரி உங்களிடம் எதைக் கேட்டது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

பெரம்பூர் அப்பா

வணக்கம். என் மகள் இங்கே சென்னையில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படிக்கிறாள். மேற்படிப்புக்கு வெளிநாடு போக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா மூன்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆங்கில வழியில்தான் படித்தாள் என்று கல்லூரி முதல்வர் தரும் சான்றிதழ் இருந்தால் போதும், தேர்வே வேண்டாம் என்கிறார் என் மைத்துனர். நாங்கள் போய்ப் பார்த்த கன்சல்டன்சியில் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு இல்லாமல் ஒன்றும் நகராது என்கிறார்கள். தேர்வுக் கட்டணமே 15,000 ரூபாய்க்கு மேல். யார் சொல்வதை நம்புவது என்று தெரியவில்லை. நேரில் இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் உங்களுக்கு நடந்ததை எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

காசிமேட்டுப் பொண்ணு

அங்கிள், நான் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். அப்புறம் இன்ஜினியரிங், இப்போது பிரிட்டனில் எம்.எஸ்சி. முடித்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு ஐஇஎல்டிஎஸ் தேர்வில் 9க்குக் கிடைத்தது: கேட்டல் 8, வாசிப்பு 7.5, பேச்சு 6.5, எழுத்து 6. நான்கின் சராசரி 7. வீட்டில் பாயசம் வைத்தார்கள். எனக்கு இடம் தருவதாகச் சொன்ன பல்கலைக்கழகம் மொத்தத்தில் 6.5தான் கேட்டிருந்தது. ஆனால் அந்தத் துறையின் பக்கத்தில் இன்னொரு வரியும் உண்டு, நான்கு பிரிவிலும் தனித்தனியாக 6.5க்குக் குறையக் கூடாது என்று. நான் அதைக் கன்சல்டன்சியில் காட்டிக் கேட்டபோது, மொத்தம் 7 இருக்கிறது, அதெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்றார்கள். பார்த்தார்கள். எழுத்தில் 6 என்பதால் என் அனுமதி நிபந்தனையோடு அப்படியே நின்றுவிட்டது. அது தீராமல் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தர வேண்டிய சிஏஎஸ் எண் வராது.

அப்போது எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது. ஒன்று, ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதும் வசதி. கணினியில் தேர்வு எழுதியவர்களுக்கு மட்டும்தான் இது, முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள் எழுத வேண்டும். நான் கேட்ட பல்கலைக்கழகம் இந்த முறையில் வந்த மதிப்பெண்ணை ஏற்காது என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டது. ஏற்கிற பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு, அதனால் பணம் கட்டும் முன்னால் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பல்கலைக்கழகமே நடத்தும் முன்கூட்டிய ஆங்கிலப் படிப்பு. சில வாரங்கள் முன்னதாகவே அங்கே போய்ப் படித்துவிட்டு, அப்படியே எம்.எஸ்சி.யில் சேரலாம். கேட்க நன்றாக இருக்கிறது. கட்டணமும் அங்கே தங்கும் செலவும் எங்கள் வீட்டுக்குத் தாங்காது. அதோடு அந்தப் படிப்பு பட்டப்படிப்பு மட்டத்துக்குக் கீழே இருப்பதால், விசாவுக்காகவே தனியாகப் பதிவு செய்யும் யுகேவிஐ வகை ஐஇஎல்டிஎஸ் வேண்டும். கேள்விகள் ஒன்றுதான், பதிவும் சான்றிதழும் வேறு. நான் எழுதியிருந்தது சாதாரண வகை. நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர்பவர்களுக்கு அது போதும், ஏனென்றால் பல்கலைக்கழகமே ஆங்கிலத் தகுதியை முடிவு செய்து சொல்லலாம்.

மூன்றாவது, முழுத் தேர்வையும் திரும்ப எழுதுவது. அதைத்தான் செய்தேன், 7 வந்தது எழுத்தில்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் பேச்சுத் தேர்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் உச்சரிப்பில் தமிழ் வாடை இருந்தால் மார்க் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை. எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகப் புரிந்தால் போதும். மொத்தமே 11 முதல் 14 நிமிடம். நடுவில் ஒரு தலைப்புக் கொடுத்து, யோசிக்க ஒரு நிமிடம் தருவார்கள், அப்புறம் இரண்டு நிமிடம் வரை நாமே பேச வேண்டும். எனக்கு வந்தது கூட்டம் நிறைந்த ஓர் இடம். விடிகாலையில் எங்கள் மீன்பிடித் துறைமுகத்தில் நடக்கும் ஏலத்தைச் சொன்னேன். கூடைகள் இறங்குவது, விலை கூவுவது, வஞ்சிரத்துக்கு நடக்கும் போட்டி. பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஷாப்பிங் மால் பதிலை மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன் என்று உறுதியாக நினைக்கிறேன். நமக்குத் தெரிந்ததைப் பேசும்போதுதான் வாய் திறக்கிறது.

வேளச்சேரி தம்பி

அமெரிக்கா பற்றி நான் சொல்கிறேன் சார். அங்கே மாணவர் விசாவுக்கு அரசாங்கம் இவ்வளவு ஆங்கில மதிப்பெண் வேண்டும் என்று வைக்கவில்லை. பல்கலைக்கழகம் வைப்பதுதான் சட்டம். விசாவுக்காக அவர்கள் அனுப்பும் ஐ-20 படிவத்திலேயே ஆங்கிலத் திறன் பற்றி ஒரு இடம் இருக்கும், அங்கே அவர்கள் எழுதியதுதான் கணக்கு. ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போனபோது என் டோஃபல் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணை அதிகாரி கேட்கவே இல்லை. ஏன் இந்தக் கல்லூரி, யார் பணம் கட்டுகிறார்கள், இவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு கேள்விக்கும் ஆங்கிலத்தில் தயங்காமல் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் ஒரு தேர்வுதான்.

நான் விண்ணப்பித்த இடங்களில் பலவும் டுவோலிங்கோ ஆங்கிலத் தேர்வை ஏற்றார்கள். வீட்டிலிருந்தே எழுதலாம், சுமார் ஒரு மணி நேரம், செலவும் மிகக் குறைவு. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, காதில் எதுவும் மாட்டக் கூடாது, பார்வை திரையை விட்டு விலகக் கூடாது. எங்கள் வீட்டுக்கு எதிரே கல்யாண மண்டபம் என்பதால் பெரியப்பா வீட்டுக்குப் போய் எழுதினேன்.

ஒரு விஷயம் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முதுகலையில் சேர்ந்த பிறகு டீச்சிங் அசிஸ்டண்ட் வேலை கிடைத்தால் கட்டணத்தில் பெரும்பகுதி கழியும். அந்த வேலைக்கு, சேர்க்கைக்குக் கேட்டதைவிடப் பேச்சுப் பிரிவில் கூடுதலாகக் கேட்கிறார்கள். என் துறையில் டோஃபல் பேச்சில் 30க்கு 26 கேட்டார்கள். வேதியியலில் முதலாண்டு ஆய்வகங்களை முதுகலை, பிஎச்.டி. மாணவர்கள் கவனித்துக்கொள்வது வழக்கம், அதனால் உங்கள் மகளுக்கு இது மிகவும் முக்கியம் சார். இன்னொன்று, 2026 ஜனவரியிலிருந்து டோஃபல் மதிப்பெண் அளவே 1 முதல் 6 என்று மாறியிருக்கிறது. பழைய 120 கணக்கை வைத்துச் சொல்லும் அறிவுரைகளைப் படிக்கும்போது அதை மனதில் வையுங்கள்.

மயிலாப்பூர் அம்மா

என் பெண் 12ஆம் வகுப்பு முடித்த கையோடு இளங்கலைக்குப் பிரிட்டன் போனாள். மாநிலப் பாடத்திட்டம், ஆங்கிலத்தில் 91. அந்தப் பல்கலைக்கழகம் 12ஆம் வகுப்பு ஆங்கில மார்க்கையே ஏற்றுக்கொண்டது, தேர்வு எழுதவே இல்லை. சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு ஒரு அளவும் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கு அதைவிடக் கூடுதல் அளவும் வைத்திருந்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை, நம் பிள்ளைகளும் அதே உழைப்பைத்தான் போடுகிறார்கள். இருந்தாலும் கதவு மூடியில்லையே. அவள் விண்ணப்பித்த மற்றொரு இடம் மாநில வாரியங்களை மொத்தமாகவே ஏற்கவில்லை. ஒரே நாடு, ஒரே வருடம், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறு விதி.

2018 வரை 12 முடித்தவர்களுக்கு ஆங்கிலம் இரண்டு தாள், 200 மார்க், மொத்தம் 1200. 2019 முதல் ஆங்கிலம் 100, மொத்தம் 600. அக்காவின் சான்றிதழையும் தங்கையின் சான்றிதழையும் ஒரே குடும்பத்திலிருந்து பார்க்கும் வெளிநாட்டு அலுவலருக்கு இது புரியாது. என் அண்ணன் மகன் விண்ணப்பித்தபோது சிறு விளக்கக் கடிதம் ஒன்றை இணைத்தோம், மறுகேள்வி வரவில்லை.

அடையாறு ஆசிரியர்

பல ஆண்டுகளாக ஐஇஎல்டிஎஸ் பயிற்சி தருகிறேன். நம் பிள்ளைகளுக்கு எப்போதும் எழுத்தில்தான் அடி விழுகிறது. வாசிப்பும் கேட்டலும் பழகப் பழக ஏறும், எழுத்து அப்படி ஏறாது. எழுத்தில் இரண்டு பகுதி. முதலாவது 150 சொல், இரண்டாவது 250 சொல், இரண்டாவதற்கு இரண்டு மடங்கு மதிப்பு. பலர் முதல் பகுதியிலேயே அரை மணி நேரத்தைத் தின்றுவிடுகிறார்கள். 20 நிமிடத்தில் அதை முடித்து அடுத்ததற்குப் போய்விட வேண்டும்.

இன்னொரு சிக்கல், கடினமான சொற்களை அடுக்குவது. பள்ளியில் கட்டுரைக்கு அப்படித்தான் மார்க் வாங்கிப் பழகியிருக்கிறார்கள். இங்கே கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னீர்களா, ஒரு பத்தி அடுத்த பத்திக்கு ஒழுங்காகக் கொண்டுபோகிறதா என்பதற்கே பாதி மார்க். மனப்பாடம் செய்த முன்னுரையை ஒட்டினால் திருத்துபவர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். இதற்காகவே ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு 'டெம்ப்ளேட்' விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. சுயமாக எழுதக்கூடிய பிள்ளையையும் அது கெடுத்துவிடுகிறது.

பணம் இல்லாதவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள், ஆங்கிலத்தில் படிக்க அங்கே கிடைக்காதது இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளுக்கு அரசின் தாட்கோ நிறுவனம் மூலம் இத்தகைய தேர்வுகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். இது தெரியாமலே பலர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார்கள். தயவுசெய்து விசாரியுங்கள்.

பெரம்பூர் அப்பா

எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் கல்லூரிச் சான்றிதழ் போதும் என்று மைத்துனர் சொன்னது தவறா? ஆஸ்திரேலியா பற்றி யாரும் சொல்லவில்லையே.

காசிமேட்டுப் பொண்ணு

தவறில்லை அங்கிள், பாதிதான் சரி. பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்கள் அந்தச் சான்றிதழை ஏற்கின்றன. சிலர் முதல்வர் கையெழுத்துப் போதும் என்பார்கள், சிலர் பல்கலைக்கழகமே தர வேண்டும் என்பார்கள், அப்படியென்றால் சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகம் வரை போக வேண்டிவரும். ஆஸ்திரேலியாவில் என் தோழிக்கு நடந்தது இது: கல்லூரி விலக்கு அளித்துவிட்டது, ஆனால் விசாவுக்குத் தேர்வு மதிப்பெண் வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் விசாவுக்கான ஐஇஎல்டிஎஸ் அளவை 5.5லிருந்து 6ஆக உயர்த்திவிட்டார்கள். கல்லூரி விதியும் விசா விதியும் தனித்தனி, இரண்டையும் கேட்க வேண்டும்.

கன்சல்டன்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் பல கன்சல்டன்சிகளுக்குப் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் வருகிறது, அதனால் அவர்கள் காட்டும் பட்டியலில் அதற்கு ஏற்ற கல்லூரிகளே முன்னால் நிற்கும். தங்கச்சியையே அவளுடைய மின்னஞ்சலிலிருந்து சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள். எந்தப் பாடம், எந்தப் பருவம் என்று குறிப்பிட்டு நான்கு கேள்வி: ஆங்கில வழிச் சான்றிதழை ஏற்பீர்களா, யார் கையெழுத்து வேண்டும்? தேர்வு என்றால் ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தபட்சம் எவ்வளவு? ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதினால் ஏற்பீர்களா? சேரும் நாளில் மதிப்பெண் செல்லுபடியாக வேண்டுமா, விண்ணப்பிக்கும் நாளில் போதுமா? கடைசிக் கேள்வி ஏனென்றால் இந்த மதிப்பெண்களுக்கு இரண்டு வருடம்தான் ஆயுள். பதில் எழுத்தில் வந்த பிறகு தேர்வுக்குப் பணம் கட்டலாம். பாஸ்போர்ட் இல்லாமல் ஐஇஎல்டிஎஸ் பதிவே செய்ய முடியாது, அதை மட்டும் இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். பதில் வந்ததும் இங்கே போடுங்கள் அங்கிள், என் தம்பியும் இதே படிப்புக்குத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.