டூபிங்கனில் என் பெயருக்கு ஒரு பத்தி

ஜெர்மன் குடும்பத்தில் போய்த் தங்குவதற்கு முன் எல்லோரும் கேட்பது சாப்பாட்டைப் பற்றியும் குளிரைப் பற்றியும்தான். எனக்கு அவை இரண்டும் பெரிய பிரச்சினையாக இல்லை. பழகிக்கொள்ள வேண்டியிருந்தது வேறு ஒன்று: அந்த வீட்டில் நாம் வாயால் சொன்னதுதான் கணக்கு.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது ஏஎஃப்எஸ் பரிமாற்றத் திட்டத்தில் டூபிங்கன் போனேன். தென்மேற்கு ஜெர்மனியில், நெக்கார் ஆற்றங்கரையில் இருக்கும் பல்கலைக்கழக ஊர். ஏஎஃப்எஸ் என்பது முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தன்னார்வலர்களிடமிருந்து வந்த அமைப்பு. 1947இல்தான் மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்ப ஆரம்பித்தார்கள். நம்மைத் தங்க வைக்கும் குடும்பத்துக்கு இதில் சம்பளம் கிடையாது. விருப்பப்பட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். இது தெரிந்திருந்ததால் எனக்குக் கூச்சம் இன்னும் கூடிவிட்டது.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஆளுக்கொரு சின்ன மரப்பலகை, ஒரு கத்தி. நடுவில் கறுப்பு ரொட்டி, நாலைந்து வகை சீஸ், வெள்ளரி ஊறுகாய், முள்ளங்கி. ஹோஸ்ட் அம்மா "இன்னும் ரொட்டி வேண்டுமா?" என்று கேட்டார். மரியாதைக்கு "வேண்டாம்" என்றேன். "சரி" என்று கூடையை மகன் பக்கம் நகர்த்திவிட்டார். நம் ஊரில் அதற்குப் பிறகுதான் பேச்சே ஆரம்பமாகும். அங்கே அத்தோடு முடிந்தது. அப்புறம் கவனித்தால், அவர்களுக்குள்ளும் அப்படித்தான். அப்பாவிடமும் ஒரு தடவைதான் கேட்கிறார்கள். பாசம் குறைவு என்று நினைக்க வேண்டாம். வேண்டாம் என்றவரை வற்புறுத்துவதுதான் அங்கே மரியாதைக் குறைவு.

"ஆமாம்" என்றாலும் அதே கதைதான். சமையலறைச் சுவரில் நீளமான மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். தேதிகள் இடப்பக்கம் மேலிருந்து கீழே. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி. நான் போய்ச் சேரும் முன்பே கடைசிப் பத்தியின் தலையில் என் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். பேச்சுவாக்கில் "நீச்சல் பிடிக்கும்" என்று சொல்லி வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், என் பத்தியில் வியாழக்கிழமைக்கு நேரே "நீச்சல், 17.30" என்று எழுதியிருந்தது. துண்டு எடுத்துக்கொண்டு போகாமல் வேறு வழியில்லை.

வீட்டுப் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள். ஐம்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நாக்கு எழவில்லை. கொஞ்ச நாள் பக்கத்தில் போய் நின்று, அவர் திரும்பிப் பார்த்த பிறகு பேசிக்கொண்டிருந்தேன்.

குப்பை பிரிப்பது ஒரு தனிப் படிப்பு. காகிதம் தனி, காய்கறித் தோல் தனி, பிளாஸ்டிக் தனி. கண்ணாடியைத் தெருமுனைப் பெட்டியில் வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பார்த்துப் போட வேண்டும். அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம் வரும். பிளாஸ்டிக் பாட்டிலை வீசிவிடாதீர்கள். கடையில் இருக்கும் எந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும். டூபிங்கனில் இன்னொன்றும் உண்டு. 2022இலிருந்து பார்சல் வாங்கும் ஒருமுறைக் கப்புக்கும் டப்பாவுக்கும் நகராட்சி 50 சென்ட் வரி போடுகிறது. அதனால் ஹோஸ்ட் அப்பா டோனர் என்ற துருக்கி இறைச்சி ரொட்டி வாங்கப் போனால்கூடக் கையில் ஒரு டப்பாவோடுதான் கிளம்புவார்.

சனிக்கிழமை மதியம் சூடான சாப்பாடு. அந்தப் பகுதியின் பிரசித்தமான சாப்பாடு, பருப்பும் ஷ்பெட்ஸ்லேயும். முட்டையும் மைதாவும் கலந்த மாவை, முறுக்கு உரலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும் ஒரு கருவியில் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் பிழிகிறார்கள். பருப்பு என்றதும் எனக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது. வாயில் வைத்தால் புளிப்பு, வினிகர் ஊற்றியிருந்தார்கள். இரண்டாவது கரண்டியிலிருந்து பிடித்துப்போனது. அடுத்த வாரம் நான் சாம்பார் வைத்தேன். ஹோஸ்ட் அப்பா நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, "சாப்பிடலாம்" என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது என்று அவர் மகள்தான் விளக்கினாள்.

அப்புறம் அந்த அட்டை. நாங்கள் இருந்தது அடுக்குமாடி வீடு. ஒருநாள் எங்கள் வாசல் கதவில் கேர்வோஹே என்று எழுதிய சின்ன அட்டை தொங்கியது. இந்த வாரம் படிக்கட்டையும் வாசல் நடைபாதையையும் பெருக்குவது எங்கள் முறை என்று அர்த்தம். முடித்ததும் அட்டையைக் கழற்றி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். டூபிங்கன் பல்கலைக்கழகத்தை 1477இல் தொடங்கிய எபர்ஹார்ட் பிரபுதான் இதற்கும் மூல காரணம் என்றார் ஹோஸ்ட் அப்பா. அவனவன் சாணத்தை வாராவாரம் அவனவனே ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று 1492இல் ஸ்டுட்கார்ட் நகரத்துக்குச் சட்டம் போட்டவராம். இதைச் சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்து, என் பத்தியில் சனிக்கிழமைக்கு நேரே எழுதினார். அதுவரை விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவன், துடைப்பம் கைக்கு வந்த பிறகுதான் கேட்காமலே குளிர்பெட்டியைத் திறக்க ஆரம்பித்தேன்.

கோயம்புத்தூரில் அம்மாவுக்கு இது ஆறவே இல்லை. "ஏன் கண்ணு, அத்தனை தூரம் போயி படிக்கட்டுப் பெருக்கவா?" என்றார் போனில். வீடியோவில் காலண்டரைக் காட்டினேன். அடுத்த முறைக்கு நேரே அந்த வீட்டுப் பையன் பெயர் இருப்பதைப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் சமாதானம் ஆனார். "அவனும் ஒழுங்காப் பெருக்கறானான்னு பாத்துச் சொல்லு" என்றார்.