ஸ்டோரி பாயிண்டுக்கு மாற்றாக எதை அளப்பது?

சென்னையில் எட்டுப் பேர் கொண்ட மென்பொருள் குழுவை நடத்துகிறேன். ஏப்ரல் அப்ரைசலுக்கு, ஜிராவில் (வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் மென்பொருள்) அவரவர் முடித்த ஸ்டோரி பாயிண்டை (ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று குழுவே போடும் மதிப்பெண்) வைத்து வரிசைப்படுத்தச் சொல்கிறார்கள். அறிவிப்பு வந்த அடுத்த ஸ்பிரிண்டிலேயே (சில வாரங்கள் கொண்ட வேலைச் சுற்று) 3 பாயிண்ட் வேலைக்கெல்லாம் 8 போட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் சீனியர் ஒருவர் பாதி நாள் மற்றவர்களின் நிரலைப் பார்த்துத் திருத்துகிறார் (ரிவ்யூ). நள்ளிரவில் சர்வர் விழுந்தால் எழுந்து வருவதும் (ஆன்கால்) அவர்தான். பட்டியலில் அவர் கடைசி. எனக்கு மனசு கேட்கவில்லை.

கமிட் (நிரலில் செய்த மாற்றத்தைச் சேமிக்கும் ஒவ்வொரு பதிவு) எண்ணிக்கையை வைத்துப் பார்த்தேன். ஒரே மாற்றத்தைத் துண்டு துண்டாக ஏற்றினார்கள். அப்புறம் டோரா அளவீடுகள் (மென்பொருளை எவ்வளவு வேகமாக, எவ்வளவு கோளாறின்றி வெளியிடுகிறோம் என்று காட்டுபவை). அவை குழுவுக்குத்தான், ஆளுக்கு எண் வேண்டும் என்று எச்ஆர் திருப்பி அனுப்பிவிட்டது. சக ஊழியர் கருத்துப் படிவத்தில் எல்லாருக்கும் 5க்கு 5.

ஆளுக்கு ஓர் எண் கட்டாயம் என்றால், ரிவ்யூவும் ஆன்கால் வேலையும் அதில் தெரிய நீங்கள் எதை அளக்கிறீர்கள்?