சினைப்பைப் புற்றுநோயில் கீமோ எடுபடாமல் போனால் மஞ்சளில் உள்ள குர்குமின் கைகொடுக்குமா?

கயல்:
பெரியம்மாவுக்கு சினைப்பைப் புற்றுநோய் திரும்பிவிட்டது. கார்போபிளாட்டின் என்ற பிளாட்டினம் மருந்தும் பேக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்தும் முதலில் நன்றாகத்தான் கேட்டன. பிளாட்டினம் முடிந்து 6 மாதத்துக்குள் திரும்பியதால் 'பிளாட்டினம் எதிர்ப்பு' என்கிறார்கள். இப்போது பேக்லிடாக்சல் மட்டும் வாராவாரம். ஆய்வகத்தில் சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு பிளாட்டினம் மருந்துக்கு மசியாத செல்கள்கூட குர்குமின் சேர்த்ததும் சாகின்றனவாம். அப்படியென்றால் நோயாளிக்குக் கொடுக்க என்ன தயக்கம்?

பிப்பெட்:
ஆய்வகத் தட்டில் சாகும், சரி. அங்கே குர்குமினை நேரே செல் மேலேயே ஊற்றுகிறோம். விழுங்கினால் குடலும் கல்லீரலும் அதை உருமாற்றி வெளியே தள்ளிவிடும். நாளைக்கு 8 கிராம் விழுங்கியவர்கள் ரத்தத்திலேயே சொற்பம்தான் தெரிந்தது.

கயல்:
அதற்குத்தான் மிளகிலிருந்து எடுக்கும் பிப்பரினைச் சேர்க்கிறார்களே.

பிப்பெட்:
வம்பே அங்கேதான். பிப்பரின் கல்லீரலில் சிப்3ஏ4 என்ற நொதியைத் தடுக்கும். பேக்லிடாக்சலை உடைப்பதில் அந்த நொதிக்கும் பங்கு உண்டு. மருந்து உடம்பில் தேங்கினால் வெள்ளணு இறங்கும், கைகால் மரத்துப்போகும்.

வேம்பு:
இயற்கை என்றாலே இளக்காரமா? பேக்லிடாக்சலே பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்ததுதான். 1992ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் சினைப்பைப் புற்றுநோய்க்கே.

பிப்பெட்:
இளக்காரம் யாருக்கு? பட்டையைக் கஷாயம் வைத்துக் குடித்து யாரும் பிழைக்கவில்லை. பிரித்தெடுத்து, அளவு கண்டுபிடித்து, நரம்பில் ஏற்றினார்கள். ஃபீனாக்சோடையால் என்று ஒன்று, சோயாவில் உள்ள ஐசோஃப்ளேவோனை ஒட்டிச் செய்தது. எதிர்ப்பை உடைக்கும் என்று கார்போபிளாட்டினோடு சேர்த்து மூன்றாம் கட்டச் சோதனை வரை போனது. கார்போபிளாட்டின் மட்டும் வாங்கியவர்களைவிட ஒரு பலனும் இல்லை.

வேம்பு:
ஒன்று தோற்றால் எல்லாம் தோற்றதா? மருந்தை வெளியே இறைக்கும் பி-கிளைக்கோபுரதத்தைக் குர்குமின் அடைக்கிறது. அந்தப் பம்பு வழக்கமாக வெளியே தள்ளிவிடும் ரோடமின் சாயம் செல்லுக்குள்ளேயே தங்கிப் பச்சையாக ஒளிர்வதைப் பார்த்திருக்கிறார்கள்.

பிப்பெட்:
நானே ஏமாந்த இடம் அது. பச்சை ஏறியதும் குதித்தேன். சாயமே போடாமல் குர்குமின் மட்டும் விட்ட குழியைப் பார்த்தால் அதிலும் பச்சை! குர்குமின் தானாகவே ஒளிரும். பம்பு உண்மையிலேயே அடைபட்டாலும், அது இறைப்பது பேக்லிடாக்சலை, சிஸ்பிளாட்டினை அல்ல. பிளாட்டினம் தோற்பது பெரும்பாலும் வேறு வழியில்: செல் தன் டிஎன்ஏ பழுதைச் சரிசெய்துகொள்ளும், செல்லில் உள்ள குளுட்டதையோன் என்ற பொருள் மருந்தைக் கட்டிப்போடும்.

வேம்பு:
பேக்லிடாக்சல் செல்லுக்குள் தங்கினாலும் லாபம்தானே? நானோ துகளில் அடைத்து ஊசியாகப் போட்டால் கல்லீரல் பிரச்சினையும் குறையும். இதை மூடிவிட வேண்டாம்.

பிப்பெட்:
மூடச் சொல்லவில்லை. நோயாளிகளிடம் ஒழுங்காகச் சோதிக்கட்டும். கயல், பெரியம்மா ஏற்கெனவே ஏதாவது சாப்பிடுகிறாரா?

கயல்:
அவர் சாப்பிடும் குர்குமின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் பிப்பரின் என்று போட்டிருக்கிறது. வியாழக்கிழமை அடுத்த டோஸ். டப்பாவையே டாக்டரிடம் எடுத்துப்போகிறேன்.